ராகுகாலத்துக்கு முன் இறுக்கிய நட்டு

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன். நனைந்த றப்பர் செருப்பைத் தரையில் வைத்துத் திருகினால் ஒரு முனகல் வருமே, அதுவும், நித்திரை வராத ஒருவர் பழைய மரக்கட்டிலில் புரண்டு படுக்கும்போது எழும் சத்தமும் சேர்ந்த ஒன்று. போன சனிக்கிழமை ரொறன்ரோவில், லோறன்ஸ் அவெனியூவில் ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் கேட்டேன். மழை பெய்யவுமில்லை, பெய்யாமல் விடவுமில்லை. நவம்பர் வானம் பிழிய மறந்த சாக்குப் போலத் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. என் ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் மீன் பை. பின்னால் ஒரு பிக்கப் ட்ரக் வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கியது. திரும்பிப் பார்க்க முதலே என் வாய் "அத்தான் வந்திட்டார்" என்று சொல்லிவிட்டது. வண்டில் தள்ளிக்கொண்டு போன ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கொஞ்சம் விலகி நடந்தார். நியாயந்தான்.

அது அத்தானின் ட்ரக் இல்லை. நிறம் வேறு, ஓட்டிவந்த தாடிக்காரரும் நான் அறியாதவர். அவர் தன்பாட்டில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். மீன் பையின் ஐஸ் உருகி என் சப்பாத்தில் சொட்டத் தொடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

இந்தக் காலத்து வாகனங்களுக்குக் குரல் கிடையாது, கவனித்திருப்பீர்கள். மின்சாரக் கார்கள் பூனை மாதிரி வந்து பக்கத்தில் நிற்கின்றன. முன்பு தெருவில் யார் வருகிறார்கள் என்று யன்னலைத் திறக்காமலே சொல்லலாம். சைலன்சர் ஓட்டையான கார் மூலை வீட்டுப் பொடியனுடையது, இருமி இருமி நிற்பது தபால்காரருடைய வான். இப்போது ஒருவர் வந்துவிட்டார் என்பதே கதவு திறந்த பிறகுதான் தெரிகிறது. வருவதற்கு முன்னால் ஒரு வருகை இருந்தது. அது போய்விட்டது.

அக்காவும் அத்தானும் வெக்ஸ்போர்ட்டில், பக்கவாட்டில் நீளமான ட்றைவ்வே உள்ள ஒரு சின்னச் செங்கல் வீட்டில் இருந்தார்கள். அதன் பேஸ்மெண்டில் நான். பகலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் யன்னல் வழியே கடந்துபோகும் கணுக்கால்களைப் பார்த்துக்கொண்டு ஏதாவது கிறுக்குவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "எனக்கென்னத்துக்குப் பிள்ளை, கீழை ஒண்டு கிடக்குத்தானே" என்பாள் அக்கா. செல்லமா குறையா என்று நான் விசாரித்ததில்லை.

அத்தானுக்குப் பீலி வேலை. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு அலுமினியப் பீலி பூட்டுவார், இலை அடைத்தால் கிண்டுவார். அதற்காக வாங்கியதுதான் அந்தக் கரும்பச்சை ட்ரக். எங்கள் ஆட்கள் எல்லோரும் கார் ஓடிய காலத்தில் அத்தான் மட்டும் யானையில் வருகிறவர் மாதிரி வருவார். கலியாண மண்டப வாசல்களில் ஏணி கட்டிய ட்ரக்கிலிருந்து பட்டுச் சேலையோடு அக்கா இறங்குவாள். இறங்குவது என்றா சொன்னேன்? குதிப்பாள். சேலையை ஒரு கையால் கொய்து பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கதவுக்கு மேலே உள்ள கைபிடியைப் பற்றி, இரண்டு சப்பாத்தும் ஒன்றாக நிலத்தில் படக் குதிப்பாள்.

அந்த உயரம் அவளுக்குப் பிடித்திருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் கார்களை மேலேயிருந்து பார்ப்பாள். "முகத்தை வடிவாத்தான் வைச்சிருப்பினம் தம்பி. மடியைப் பார்த்தாத்தான் ஆளைத் தெரியும்" என்பாள். ஒருத்தர் மடியில் பாதி தின்ற டோனட், இன்னொருத்தி மடியில் கழற்றிய காலுறை, ஒரு கிழவர் மடியில் யாருடையதோ படம். ஸ்காபரோ முழுவதின் மடியையும் அக்கா பார்த்திருக்கிறாள். பின்சீட்டிலிருந்து நானும் எட்டி எட்டிப் பார்ப்பேன். எனக்கு எப்போதும் கார்க் கூரைதான் தெரியும்.

கால் வருத்தம் ஒரு செருப்பில்தான் தொடங்கியது. சமையலறையிலிருந்து வந்தவளின் ஒரு காலில் செருப்பு இல்லை. "அக்கா, மற்றச் செருப்பு எங்கை?" என்றேன். குனிந்து பார்த்தாள். அது கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாத சிரிப்புகளில் அதுவும் ஒன்று என்று பிறகு ஆஸ்பத்திரிக் கதிரைகளில் இருந்தபோது விளங்கியது. நரம்பு வருத்தம், மெல்ல மெல்ல மேலே ஏறும், மாற்ற ஏலாது, பிந்தவைக்கலாம் என்றார்கள். முதலில் ஒரு தடி வந்தது. பிறகு ட்ரக்கில் ஏறுவதற்கு ஒரு சின்ன முக்காலி. ஒருநாள் அந்த முக்காலி பனியில் சறுக்கியது.

அதன்பிறகு வந்த ஒரு கலியாண வீட்டில்தான் அத்தான் அவளைத் தூக்கி இறக்கினார். வேறு வழி இருக்கவில்லை. வாசலில் சனம் நின்றது. யாரோ ஒரு அன்ரி, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "ஐயோ, இந்த வயதிலை" என்றார். அக்கா உள்ளே போய்ச் சாப்பிட்டாள், பொம்பிளைக்குப் பூப்போட்டாள், படத்துக்கும் நின்றாள். திரும்பி வரும் வழியில் எந்த மடியையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்.

"இனி என்னைக் கூப்பிடவேண்டாம். நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ."

"ஏனப்பா?" என்றார் அத்தான்.

"என்னை அரிசி மூட்டை மாதிரித் தூக்கி இறக்கிறதைச் சனம் பாக்கவேண்டாம். நானா ஏறி நானா இறங்கினா வாறன். இல்லாட்டி வீட்டிலை கிடக்கிறன்."

சொன்னதைச் செய்கிறவள். இளவேனில் போய்க் கோடை வந்தது. அவள் எங்கும் போகவில்லை. முன்னறை யன்னலோரம் கதிரையைப் போட்டு ட்றைவ்வேயில் நின்ற ட்ரக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோபித்துக்கொண்ட சிநேகிதியைப் பார்க்கிற மாதிரி. அத்தான் வேலைக்குப் போனால் வெறும் ட்றைவ்வேயைப் பார்ப்பாள், எண்ணெய்க் கறையை.

கார் ஒன்று பார்ப்போம் என்று நான் சொன்னேன். புத்திசாலித்தனமாகச் சொல்வதாக நினைப்பு. பக்கத்துத் தெருக்காரரிடம் ஒரு காரை இரவல் வாங்கி வந்தும் பார்த்தோம். அதற்குள் இலகுவாக இருந்துவிட்டாள். எழும்பத்தான் முடியவில்லை. குழிக்குள் விழுந்த மாதிரி இருந்து எங்களை அண்ணாந்து பார்த்தாள். கார் அவளுக்குக் கிடங்கு, ட்ரக் அவளுக்கு மலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரம் வேண்டியிருந்தது.

அத்தான் அன்று பின்னேரம் பீலி அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவை வாசலில் தடியோடு நிற்கவைத்து, நிலத்திலிருந்து இடுப்பு மட்டும் அளந்தார்.

"என்ன, சட்டை தைக்கப் போறீங்களோ?"

"அசையாமல் நில்லும்."

பிறகு போய் ட்ரக்கின் கதவை அகலத் திறந்து, கதவு நிலையில் அந்த உயரத்துக்குப் பச்சை ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டினார். சீட் அதற்கு மேலே எங்கேயோ இருந்தது. "இந்தச் சீட் இந்த நாடாவுக்கு வரவேணும்" என்றார். சொன்னவர் ஐம்பது வயது தாண்டியவர், தலையில் முன்பக்கம் மயிர் இல்லாதவர், சனிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்.

அடுத்த கிழமைகளில் அவர் குசினி மேசையில் இருந்து பார்த்த வீடியோக்களை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கழுத்து முழுக்கப் பச்சை குத்திய பொடியன்கள் தங்கள் ட்ரக்குகளைத் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்த்தி, பாட்டுப் போட்டு, புழுதி கிளப்பி ஓடுவார்கள். அத்தான் சத்தத்தை நிறுத்திவிட்டு, பூசை பார்க்கிற கவனத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா பின்னால் வந்து நின்று, "உந்த வயதிலை உங்களுக்கென்ன ஆசை இது" என்று சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான் அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று உறைத்தது.

பெட்டிகள் வந்தன. வண்டியைத் தாழ்த்துகிற கிட் என்றால் பெரிய மாயமொன்றும் இல்லை. முன் சில்லுகளுக்குக் கட்டையான சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் தட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டிகளுக்குப் பதிலாக நீளமான பட்டிகள். புது அதிர்வு தாங்கிகள். ஒரு பை நிறைய நட்டும் போல்ட்டும். எப்படிப் பூட்டுவது என்று ஒரு தாள். இங்கிலிஷ் வாசிப்பது என் பொறுப்பு. ஸ்பனரைத் தலைகீழாகப் பிடிக்கிறவனுக்கு வேறு என்ன பொறுப்புத் தருவார்கள்?

செப்டெம்பரில் ஒரு சனி, ஞாயிறு. சனிக்கிழமை பின்பக்கத்தைக் கழற்றினோம். ரொறன்ரோவில் பழைய வண்டி ஒன்றைக் கழற்றியவருக்குத் தெரியும், இங்கே எதிரி துரு. பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பெல்லாம் அடியில் போய் இருந்து நட்டையும் போல்ட்டையும் ஒரே இரும்பாக்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து அடித்துக் காத்திருந்தோம். அந்த எண்ணெயின் மணம் எங்கேனும் வந்தால் இன்றைக்கும் என் முதுகு ட்றைவ்வேச் சீமெந்தின் குளிரை உணரும். ஒவ்வொரு நட்டும் இளகும்போது துவக்கால் சுட்டதுபோல ஒரு 'டக்'. யன்னலிலிருந்து அக்கா எண்ணுவதில்லை, ஆனால் ஒவ்வொரு 'டக்'குக்கும் தலையை ஆட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்பக்கம். அக்கா தன் கதிரையை வாசலுக்கே கொண்டுவரச் செய்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வெயிலில் இருந்தாள். முழங்காலில் ஒரு சால்வை. முன் ஸ்பிரிங் பொல்லாதது. இரும்புத் திருகாணிகளால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கழற்றவேண்டும்.

"நேரை நிக்காதை," என்றார் அத்தான் அடியிலிருந்து. "உது பாய்ஞ்சுதெண்டால் உன்னைப் பிறகு கூரையிலைதான் தேடவேணும்."

"கூரையிலை நிண்டால் பீலியையும் கிண்டச் சொல்லுங்கோ," என்றாள் அக்கா.

பழைய ஸ்பிரிங் வெளியே வந்து ட்றைவ்வேயில் உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. புதியதை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். அண்ணனும் தம்பியும் போல. "என்ரை உயரத்தையெல்லோ வெட்டிப்போட்டியள்" என்றாள் அக்கா. பிறகு தடியை எடுத்து அந்தப் பழைய சுருளுக்குள் குத்தி நிறுத்தினாள். அன்றுமுதல் அது அவளுடைய தடி வைக்கும் பாத்திரம். வாசற்கதவுக்குப் பின்னால் கடைசிவரை நின்றது.

இப்போது அந்த நட்டுக்கு வருகிறேன். முன்சில்லைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு றப்பர் உருளை இருக்கும். அதற்கூடாக ஒரு நீளப் போல்ட். தாளில் இருந்ததை நான் உரத்து வாசித்துத் தமிழாக்கினேன். "வண்டியை நிலத்திலை இறக்கி, பாரம் முழுக்கச் சில்லிலை வந்தாப் பிறகுதான் இந்த நட்டை இறுக்கவேணுமாம். அந்தரத்திலை தொங்கேக்கை இறுக்கினால் றப்பர் முறுகிப்போய் நிக்குமாம்."

"எனக்குத் தெரியும்," என்றார் அத்தான். ஆனால் தாழ்த்திய வண்டியை இறக்கினால் அடியில் ஆள் நுழைய இடமில்லை. பலகை அடுக்கி அதன்மேல் சில்லை ஏற்றி மெல்லச் செய்யவேண்டிய வேலை. பலகை தேடி நான் கராஜுக்குப் போகும்போதுதான் அக்கா கேட்டாள்.

"நேரமென்ன?"

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு. மரக்கறிக் கடையில் தந்த கலண்டர் குசினிச் சுவரில் தொங்கியது, அதில் சிவப்பில் போட்டிருக்கும். நாலரைக்குக் கொஞ்ச நேரமே கிடந்தது.

"ராகுகாலத்திலை ஒரு நட்டும் பூட்டக்கூடாது. நான் ஏறப்போற வண்டி. அதுக்கு முன்னம் முடியுங்கோ. இல்லாட்டி நாளைக்குப் பாப்பம்."

அத்தான் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "இஞ்சை இப்ப கோடை நேரம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். சூரியக் கணக்குப்படி உம்மடை ராகு அஞ்சரைக்குத்தான் வருவார்."

"கலண்டர் இஞ்சை அடிச்சது. நாலரை எண்டு போட்டால் நாலரை."

"அப்ப ராகுவும் மணிக்கூட்டை மாத்திறவரோ?"

"கனடாவிலை இருக்கிறவர் மாத்தத்தானே வேணும்."

இந்த வாதத்துக்கு ரொறன்ரோத் தமிழர் எவரிடமும் முடிந்த முடிவு கிடையாது. கோவிலுக்குக் கோவில், கலண்டருக்குக் கலண்டர் மாறும். அத்தானுக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாளைக்கு என்றால் அவருக்கு வேலை, எனக்குத் தொழிற்சாலை, அடுத்த கிழமை அவள் மனம் மாறிவிட்டால்? வாசலில் சால்வையோடு இருந்தவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் ராகுகாலத்தை யோசிச்சு உதை எழுதேல்லை," என்றார். "ஸ்பனரைத் தா."

அந்தரத்தில் தொங்கிய நிலையிலேயே எல்லாவற்றையும் இறுக்கினார். நானும் என் பங்குக்கு ஒரு நட்டை இறுக்கினேன். சரியான திசையில் என்று நம்புகிறேன். கலண்டரின் நாலரைக்கு முன் நான்கு சில்லும் நிலத்தில்.

ட்ரக் இறங்கி நின்றது. பார்க்க விசித்திரமாக இருந்தது, முழங்காலில் நிற்கிற பெரிய மிருகம் மாதிரி. அத்தான் கதவைத் திறந்து ஒட்டுநாடாவைப் பார்த்தார். சீட் நாடாவுக்கு ஒரு விரல் மேலே. றப்பர் முறுகி நின்றதால் முழுதாக இறங்கவில்லை.

"ஒரு விரல் கூட," என்றார் கவலையாக.

"ஒரு விரல்தானே. எக்கிறன்."

சில்லுக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள், புது வண்டிக்கு வைக்கிற மாதிரி. அத்தான் மெல்ல உருட்ட அவை நசிந்தன. துரு, எண்ணெய், எலுமிச்சை எல்லாம் கலந்த அந்த மணத்துக்குள் அக்கா தடியை ஊன்றி வந்தாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினோம். "கையை எடுங்கோ," என்றாள். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், மேலேயிருந்த கைபிடியைப் பற்றினாள், எக்கினாள். இருந்துவிட்டாள். பிறகு ஒரு காலைத் தன் இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். மற்றக் காலை. சேலையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏறிற்றன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் முதலில் வந்தது. அவள் பாரத்துக்கு வண்டி சாய, அடியில் ஏதோ முனகியது.

"என்ன சத்தம்?"

"உம்மடை ராகுகாலம்," என்றார் அத்தான்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க நாங்கள் ஊர் சுற்றினோம். ஏரிக்கரைக்குப் போனோம், ரெக்ஸ்டேலில் ஒரு பிறந்தநாளுக்குப் போனோம், பார்க்டேலில் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் மூவரும் இருந்த கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ட்ரக் முனகும், அக்கா "ஓம், ஓம்" என்று அதற்குப் பதில் சொல்வாள். பீலி வேலைக்குப் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தட்டியது. அத்தான் இரண்டு நடையாகக் கொண்டுபோனார். அதைப் பற்றி வீட்டில் கதைக்கவில்லை.

ஒன்றை மட்டும் அக்கா இழந்தாள். மடிகள் இனித் தெரியவில்லை. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரைப் பார்த்தால் அவளுடைய உயரத்திலேயே ஒரு முகம் இருக்கும், அதுவும் அவளைப் பார்க்கும். "இப்ப எல்லாரும் முகம்தான் காட்டினம்," என்றாள் ஒருநாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வருத்தம் பிந்தவில்லை. அடுத்த பனிக்காலம் வருவதற்குள் முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. யன்னலுக்குக் கீழே கட்டில், ஆனால் படுத்திருந்தால் வானம்தான் தெரியும், ட்றைவ்வே தெரியாது. காதுதான் மிச்சம். நான் பகல் வேலை முடித்து வந்து அவள் பக்கத்தில் இருப்பேன். தெருமுனையில் ஒரு மேடு உண்டு, அதில் ட்ரக் ஏறும்போது சத்தம் வரும். எனக்குக் கேட்க முதலே அவளுக்குக் கேட்டுவிடும்.

"கொத்தான் வந்திட்டார். தேத்தண்ணியை வை."

உன் அத்தான் என்பதை எங்கள் பக்கத்தில் கொத்தான் என்றுதான் சொல்வோம். உன் அக்கா என்றால் கொக்கா. இந்தச் சொற்களுக்குள் ஒரு கயிறு இருக்கிறது, சொல்கிறவரையும் கேட்கிறவரையும் பேசப்படுகிறவரையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு. அவள் இருக்கும்போது அதை நான் கவனித்ததில்லை.

அந்தச் சத்தத்தை நிறுத்துவது சின்ன வேலை. நட்டை இளக்கி, வண்டியின் பாரம் சில்லில் இருக்கும்போது திரும்ப இறுக்கினால் போதும். அத்தான் ஒருநாள் பலகைகளை எடுத்து அடுக்கினார். கட்டிலில் இருந்தபடியே அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது, பலகை சீமெந்தில் இழுபடும் சத்தத்தில்.

"தம்பி, கொத்தானைக் கூப்பிடு." அவர் வந்து கை துடைத்துக்கொண்டு நின்றார். "அந்த நட்டிலை கை வைக்கவேண்டாம்," என்றாள் அக்கா.

"சனம் திரும்பிப் பாக்குதப்பா. வண்டி சாகிற மாதிரிக் கத்துது."

"கத்தட்டும். கத்தினால்தானே நீங்கள் வாறது எனக்குத் தெரியும்."

அத்தான் பலகைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

அவள் கடைசியாக ட்ரக்கில் ஏறிய நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் என்னால் முடிக்க ஏலாது. காலை, வெளியே தூவல் பனி. மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாள். அம்புலன்ஸ் கூப்பிடப்போனேன். வேண்டாம் என்றாள், ட்ரக்கில் போவோம் என்றாள். கதிரையில் இருத்தி வாசல்வரை கொண்டுவந்தோம். கதவு திறந்திருந்தது. நிலையில் அந்தப் பச்சை ஒட்டுநாடா ஓரமெல்லாம் சுருண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். கைபிடியைப் பார்த்தாள். பிறகு, அதுவரை ஏறும்போது எங்களை அண்டவிடாதவள், பிள்ளைகள் செய்கிற மாதிரி இரண்டு கையையும் மேலே நீட்டினாள். அத்தான் தூக்கினார். பாரமே இல்லை என்று பிறகு ஒருதடவை சொன்னார், ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அவளை இருத்தியபோது ட்ரக் முனகவில்லை. அவள் ஏறியதை அது அறியவில்லை.

தெருமுனை மேட்டில் முனகியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இருவர்தான் திரும்பி வந்தோம்.

அதன்பிறகு அந்தச் சத்தம் யாருக்காக வந்தது? பேஸ்மெண்டில் எனக்குக் கேட்கும். எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைக்கலாம், அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் கால் எழும்பாது. அத்தான் நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே இருப்பார், வீடு பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. சில கிழமைகளில் சத்தமும் நின்றது. திருத்திவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் வேலையால் வரும்போது பார்த்தேன், ட்ரக் மேட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவில் நின்றது. அங்கே விட்டுவிட்டு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இஞ்சாலை இடமில்லை" என்றார். எங்கள் ட்றைவ்வே முழுக்க வெறுமையாகக் கிடந்தது. "ஓம் அத்தான்" என்றேன்.

நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா வழியாகவே இத்தனை காலமும் கதைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொத்தானிட்டைச் சொல்லு, தம்பியிட்டைக் கேளுங்கோ. சொல்லவும் கேட்கவும் ஆளில்லாதபோது உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதுகூடக் கடினமாக இருந்தது. வீட்டை விற்றார். எட்மன்டனில் அவருடைய தமையன் இருந்தார், அங்கே போவதாகச் சொன்னார். நான் ரெக்ஸ்டேலில் ஒரு அறை எடுத்தேன்.

இப்போது அந்த வீடு இல்லை. வாங்கியவர்கள் இடித்துவிட்டு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக ஒரு பெரிய வீடு கட்டியிருக்கிறார்கள். ட்றைவ்வேயில் கல் பதித்திருக்கிறார்கள், எண்ணெய்க் கறை அதற்கடியில். தெருமுனை மேட்டையும் மாநகரக்காரர் சமப்படுத்திவிட்டார்கள். தடி நின்ற பழைய ஸ்பிரிங்கைக் குப்பை நாளன்று வீதியோரம் வைத்தேன், பழைய இரும்பு பொறுக்குகிற ஒருவர் காலையிலேயே எடுத்துப் போய்விட்டார். எங்காவது உருக்கப்பட்டிருக்கும். அத்தான் முதலில் பண்டிகைக்குப் பண்டிகை தொலைபேசி அடித்தார். பிறகு நான் அடித்தேன், அவர் எடுத்தார். பிறகு அடித்தது, எடுக்கவில்லை. இப்போது அந்த இலக்கத்தில் ஒரு பெண் இங்கிலிஷில் அப்படி ஒருவரும் இல்லை என்கிறாள். அந்த ட்ரக் எந்தத் தெருவில் முனகுகிறதோ, முனகுகிறதோ இல்லையோ, தெரியாது. பிளாசாவில் அந்தத் தாடிக்காரரை மறித்து, யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கலாம். நிறம்கூட மாற்றியிருக்கலாமே என்று மீன் பையோடு பஸ்சில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

அத்தான் எட்மன்டனுக்குப் புறப்பட்ட நாள் ட்ரக்கை மேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, பல மாதங்களுக்குப் பிறகு ட்றைவ்வேயில் நிறுத்தியிருந்தார். பின்னால் ஏணியும் சில பெட்டிகளும், மேலே ஒரு தறப்பாள். முன்சீட்டில் அக்கா இருக்கும் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. நிலையில் ஒட்டுநாடா அப்படியே. இருவரும் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பலகைகள் இன்னும் கராஜில்தான் இருந்தன, வீட்டோடு விற்றவை.

"அத்தான், நெடுந்தூரம் ஓடப்போறியள். அந்த நட்டை இளக்கி ஒருக்கா இறுக்கிவிடுவமோ? கன நேரம் செல்லாது."

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். அடியில் அது முனகியது. கண்ணாடியை இறக்கி, வானத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"நேரம்?"

"நாலரை தாண்டிற்றுது."

"அப்ப ராகுகாலம்."

"ராகுகாலத்திலை பயணம் மட்டும் போகலாமோ?" என்றேன்.

"பயணத்துக்கு அவ ஒண்டும் சொல்லேல்லை. நட்டுக்குத்தான் சொன்னவ." வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினார். "விடு. கொக்கா பேசுவா."